முகாமில் குடித்த தேத்தண்ணி

சல்லி ஊர்க் கரையில் எஞ்சின் திருத்துகிறவர்கள் மூன்று பேர் இருந்தார்கள். மற்ற இருவரும் எஞ்சினைத் திருத்துவார்கள். யோகலிங்கம் முதலில் எஞ்சின்காரனைத் திருத்துவார், எஞ்சின் பிறகுதான். “உனக்கெல்லாம் ஆரடா எஞ்சின் தந்தது? துடுப்பைத் தந்து அனுப்பியிருக்க வேணும்” என்று தொடங்கினாரென்றால் அரை மணித்தியாலத்துக்கு வாய் ஓயாது. ஆனாலும் கூட்டம் அவரிடம்தான். ஏச்சு விழுந்தாலும் எஞ்சின் ஓடும் என்பது கரைக்கே தெரிந்த விஷயம்.

அந்த ஏச்சில் பாதி தண்ணீரைப் பற்றியது. வள்ளத்தின் பின்னால் பூட்டுகிற எஞ்சின், கடல் தண்ணீரை உறிஞ்சித்தான் தன் சூட்டைத் தணித்துக்கொள்ளும். உறிஞ்சியதில் கொஞ்சத்தைப் பின்பக்கத்தில் உள்ள ஒரு சின்னத் துவாரத்தால் வெளியே பீச்சிக்கொண்டே இருக்கும். கரையில் அதற்கு எஞ்சினின் மூத்திரம் என்று பேர். அது மெலிந்தால் உள்ளே எங்கோ தண்ணீர் ஓடவில்லை என்று அர்த்தம். எங்கட ஆட்கள் என்ன செய்வார்கள்? ஒரு கம்பியை எடுத்துத் துவாரத்தைக் குத்திவிட்டு, இன்னும் நாலு நாள் ஓடுவார்கள். ஐந்தாம் நாள் நடுக்கடலில் எஞ்சின் இறுகி நிற்கும். “துவாரத்தில இல்லையடா வருத்தம், உள்ளுக்கை! அது உனக்கு முதலே சொல்லிப்போட்டுதெல்லோ? உன்ர காது எங்க போனது?” இதை யோகலிங்கம் ஆயிரம் தரமாவது சொல்லியிருப்பார்.

ஆள் கறுவல், கட்டை, தோளில் பலசாலி. டவுனில் மீன்பிடிச் சங்கத்து வேர்க்‌ஷொப்பில் பதினெட்டு வயதில் சேர்ந்து தொழில் பழகினார். ஈச்சிலம்பற்றில் பாக்கியரத்தினத்தைக் கலியாணம் செய்தார். இரண்டு பெட்டைப் பிள்ளைகள். நாளுக்கு இரண்டு பெட்டி சிகரெட், தேத்தண்ணிக்கு நாலு கரண்டி சீனி. சுனாமி வந்து வேலைக் கொட்டிலை அள்ளிக்கொண்டு போனது. பிறகு தொண்டு நிறுவனங்கள் போட்டிபோட்டுக்கொண்டு பெரிய எஞ்சின்களாகக் கொடுத்தன. சண்டை திரும்பத் தொடங்கியதும், பெரிய எஞ்சின் பூட்டக்கூடாது என்று நேவி சொல்லிவிட்டது. கரை முழுக்கப் பழைய சின்ன எஞ்சின்களைத் தேடி எடுத்தது. யோகலிங்கத்துக்கு மூச்சுவிட நேரமில்லை.

அவருக்கு வந்த கரைச்சல் அதற்கு முன்னமே தொடங்கிவிட்டது. 2005 ஐப்பசி மாதம், மழை பிடித்திருந்த ஒரு நாள், பெண்சாதியோடு சேரப் போன இடத்தில் உடம்பு சொல் கேட்கவில்லை. வேலைக் களைப்பு என்று விட்டுவிட்டார். அடுத்த கிழமையும் அப்படித்தான். தை பிறந்தபோது அது முற்றாகவே கைவிட்டுவிட்டது. நாற்பத்தைந்து வயதில் இப்படி வருமா? யாரைக் கேட்கிறது? ஊரையே வாயால் அடித்து நிமிர்த்துகிற மனுசன், சுவரைப் பார்த்துப் படுக்கப் பழகினார். பாக்கியம் ஒன்றும் கேட்கவில்லை. அவள் கேட்காமல் விட்டதுதான் அவருக்குப் பெரிய வெட்கமாக இருந்தது.

2006 ஆனி மாதம் நேவியின் சுற்றிவளைப்பு நடந்தது. ஊர் ஆம்பிளைகளைக் கோயில் வெளியில் வரிசையாக இருத்தி, பதினொரு பேரை முகாமுக்குக் கொண்டு போனார்கள். பத்துப் பேரைப் பின்னேரமே விட்டுவிட்டார்கள். யோகலிங்கத்தை மட்டும் இரண்டு நாள் வைத்திருந்தார்கள்.

உள்ளே நடந்தது இதுதான். புருவத்தில் வெட்டுத் தழும்புள்ள ஒரு அதிகாரி, அடையாள அட்டையில் தொழிலைப் பார்த்துவிட்டு, பழுதாய்க் கிடந்த இரண்டு எஞ்சின்களைக் காட்டினான். யோகலிங்கம் திருத்தினார். அந்த அதிகாரி அவரை, கைத்தொழில்காரரைச் சிங்களத்தில் மரியாதையாகக் கூப்பிடுகிற மாதிரி, “பாஸ்உன்னஹே” என்று கூப்பிட்டான். எட்டு மணிக்கும் நாலு மணிக்கும் தேத்தண்ணி வந்தது. ஒவ்வொரு தரமும் தட்டில் இரண்டு பிஸ்கட் இருந்தது. இரவில் வாங்குப் பலகை ஒன்றில் படுத்தார். ஒரு விரல்கூட அவர்மேல் படவில்லை.

இதை வெளியில் சொல்ல ஏலுமா? நேவியின் எஞ்சினைத் திருத்திக் கொடுத்தவன் என்று ஒரு கதை காட்டுக்குள் இருக்கிற இயக்கத்துக்குப் போனால், அடுத்த கிழமை ஆளை லைட் கம்பத்தில் பிணமாய்த்தான் தேட வேண்டும். அதனால் வீட்டுக்கு வந்து வாயை மூடிக்கொண்டு இருந்தார். அந்த மட்டில் அது புத்திதான். பிழை சொல்ல ஏலாது.

ஆனால் ஊர் சும்மா இருக்குமா? முகாமால் வந்தவன் பேசாமல் இருக்கிறான் என்றால் சொல்ல முடியாதது ஏதோ நடந்திருக்கிறது என்றுதான் ஊர் நினைக்கும். பாக்கியமும் அப்படித்தான் நினைத்தாள். சுவரைப் பார்த்துப் படுப்பதற்கும் அவளுக்குக் காரணம் கிடைத்துவிட்டது. அந்த இடத்தில்தான் அடித்திருக்கிறார்கள்! சுவர்ப் படுக்கை எட்டு மாதம் முந்தித் தொடங்கியது என்பதை அவள் மறந்தேபோனாள். அவர் மறக்கவில்லை. ஒரு நாள் அவள் அவருடைய தலையைத் தடவி, “நீங்கள் ஒண்டும் சொல்ல வேண்டாம். எனக்கு விளங்குது” என்று அழுதபோது, உண்மையைச் சொல்ல வாய் எடுத்தார். எடுத்த வாயை மூடிக்கொண்டார். ஏலாதவன் என்று இருப்பதைவிட அடிபட்டவன் என்று இருப்பது எவ்வளவோ கௌரவம் இல்லையா?

பாக்கியம் வெள்ளிக்கிழமை தவறாமல் முத்துமாரியம்மன் கோயிலுக்கு வெறுங்காலோடு நடந்து போய் ஒரு தேங்காய் உடைத்தாள். சாபத் தேங்காய். தழும்புக்காரன்தான் செய்திருப்பான் என்று ஊர் முடிவு கட்டியிருந்தது. அவனுடைய ஜீப்பைத்தானே எல்லாரும் கண்டிருந்தார்கள். “என்ர மனுசனில கை வைச்சவன் கரை சேரக்கூடாது தாயே” என்பாள். ஒரு தரம் யோகலிங்கம், “விடன் பாக்கியம், தேங்காய் விக்கிற விலையில” என்று சொல்லிப் பார்த்தார். அவள் பார்த்த பார்வையில் அடங்கிவிட்டார்.

2007 மாசியில், துறைமுக வாய்க்கு வெளியே நடந்த சண்டையில் நேவிப் படகு ஒன்று மூழ்கியது. அந்தத் தழும்புக்காரன் அதில் இருந்தான். உடல்கூடக் கிடைக்கவில்லை என்று செய்தி வந்தது. பாக்கியம் அந்த வெள்ளிக்கிழமையே கோயில் வெளியில் பொங்கல் வைத்தாள். வாழையிலையில் கட்டி வீட்டுக்குக் கொண்டு வந்து அவருக்கு முன்னால் வைத்து, பக்கத்தில் இருந்து பார்த்தாள். யோகலிங்கம் தின்றார். கடைசிப் பருக்கை வரை தின்றுவிட்டு, பின்வளவில் நின்று மூன்று சிகரெட்டைத் தொடர்ந்து பற்றினார்.

அந்தக் காலத்தில்தான் இடது தோளில் ஒரு உளைச்சல் தொடங்கியது. எஞ்சினைத் தூக்கிக்கொண்டு மணலில் நடந்தால் மூச்சு முட்டும். கொஞ்சம் நின்றால் போய்விடும். அவர் சளி என்றார். பாக்கியம் முகாமில் பட்ட அடி என்றாள். சண்டை நாட்களில் தலைமயிர் கொட்டினாலும், பிள்ளை சோதனையில் பெயிலானாலும் காரணம் சண்டைதான். ஆரும் அதைத் தாண்டி யோசிப்பதில்லை.

டவுனில் எஞ்சின் பாட்ஸ் கடை வைத்திருந்த ஸெய்னுதீன் அவருக்கு முப்பது வருசக் கூட்டாளி. ஒரு நாள் வோஷர் வாங்கப் போன இடத்தில், “மச்சான், ஒண்ட மூஞ்சி ஏன் செத்தவன்ட மாதிரி இரிக்கி?” என்று அவன் பிடித்துக்கொண்டான். அவனிடம் மட்டும் யோகலிங்கம் உண்மையைச் சொன்னார். ஸெய்னுதீன் சிரிக்கவில்லை. மேசை லாச்சியைத் திறந்து, மச்சினன் கட்டாரிலிருந்து கொண்டு வந்த நீலக் குளிசை நாலை எடுத்துக் கையில் வைத்தான்.

“போட்டு ஒரு மணித்தியாலம் பொறு. ஆனா ஒண்டு மச்சான். நெஞ்சு வருத்தக்காரன் நாக்குக்குக் கீழ வைக்கிற குளிசை இரிக்கில்லா, அதோட இதச் சேக்கப்படா எண்டு பெட்டியில எழுதி இரிக்கி. பிறசர் விழுந்து ஆள் அங்கேயே முடிஞ்சிருமாம். ஒனக்கென்ன, நெஞ்சு வருத்தமா?”

“எனக்கோ? நெஞ்சு இரும்படா.”

அவர் கையில் வாங்கியது ஒரு கம்பி என்று அவருக்கு அப்போது தோன்றவில்லை.

ஆவணியில் ஒரு சனிக்கிழமை. பிள்ளைகள் இரண்டு பேரும் ரியூசனுக்குப் போய்விட்டார்கள். ஆறு மணிக்குத்தான் வருவார்கள். பாக்கியம் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். யோகலிங்கம் முகம் வழித்து, தலை முழுகி, ஒரு குளிசையை விழுங்கிவிட்டுக் கதிரையில் இருந்து மணியைப் பார்த்தார். அரை மணித்தியாலம் ஆகவில்லை, “யோகண்ணை! எஞ்சின் இறுகிப்போச்சண்ணை!” என்று கரையிலிருந்து குலசிங்கத்தின் குரல் கேட்டது. பக்கத்து வளவுக்காரன், அவரைவிட இரண்டு வயது இளமை. இந்த நேரம் பார்த்தா வந்து நிற்பான், அறுவான்!

கோபத்தோடு இறங்கிப் போனார். “மூத்திரம் மெலிஞ்சதோ இல்லையோ? சொல்லடா!” “ஓமண்ணை, ஒரு கிழமையா. கம்பியால குத்திப்போட்டு ஓடினனான்.” அதைக் கேட்டதும் அவருக்கு விசர் வந்துவிட்டது. உதவிக்கு வந்த குலசிங்கத்தைத் தள்ளிவிட்டு, எஞ்சினைத் தனி ஆளாய்த் தோளில் ஏற்றிக்கொண்டு மணலில் நடந்தார். பாதி வழியில் யாரோ நெஞ்சில் நங்கூரத்தை இறக்கினதுபோல் இருந்தது. எஞ்சினைப் போட்டுவிட்டு அப்படியே இருந்துவிட்டார். முழுகிய தலைக்கு மேலால் வியர்வை ஓடியது.

குலசிங்கம் ஓடிப்போய் ஓட்டோ பிடித்து வந்தான். சோதனைச் சாவடியில் இறங்கி நடக்க வேண்டும் என்பது சட்டம். பாக்கியம் இறங்கவில்லை. மீன் செதில் ஒட்டிய கையை வெளியே நீட்டி, தனக்குத் தெரிந்த ஒரே சிங்களச் சொல்லை, “லெடா! லெடா!” நோயாளி, நோயாளி என்று கத்தினாள். காவலில் நின்ற பெடியன் யோகலிங்கத்தின் முகத்தைப் பார்த்தான்; குறுக்குத் தடியைத் தூக்கி வழி விட்டான்.

டொக்டர் சிவகுருநாதன் காலையில் அரசாங்க ஆஸ்பத்திரியிலும் பின்னேரத்தில் தன் டிஸ்பென்சரியிலும் இருப்பவர்; ஓட்டோ டிஸ்பென்சரி வாசலில் நின்றது. யோகலிங்கத்தைக் கட்டிலில் கிடத்திப் பிறசர் பார்த்து, நெஞ்சில் வயர் ஒட்டி மெஷினைப் போட்டார். பேப்பர் ஓடிக்கொண்டிருக்கும்போதே பாக்கியம் சொல்லத் தொடங்கிவிட்டாள். “போன வருசம் காம்பில கொண்டு போய் வைச்சு அடிச்சவங்கள் டொக்டர். அண்டையில இருந்துதான் இவருக்கு இந்தத் தோள் நோ. எல்லாம் அந்த அடிதான்.”

டொக்டர் பேப்பரைப் பார்த்தார். மேசையில் இருந்த சின்னக் கறுத்தப் போத்தலைத் திறந்து ஒரு பொட்டுக் குளிசையைக் கையில் தட்டினார்.

“இது நெஞ்சு நோவுக்கு. நாக்கைத் தூக்குங்கோ, கீழ வைக்க வேணும். அதுக்கு முதல், இண்டைக்கு வேற ஏதும் குளிசை போட்டனீங்களோ?”

“பனடோலைத் தவிர இவர் ஒண்டும் போடமாட்டார் டொக்டர்” என்றாள் பாக்கியம்.

டொக்டரின் கை வாய்க்கு நேரே வந்தது. ஸெய்னுதீன் சொன்னது யோகலிங்கத்துக்கு ஒரு சொல் விடாமல் ஞாபகம் வந்தது. வாயைத் திறக்காமல் டொக்டரின் மணிக்கட்டைப் பிடித்தார்.

“இவவைக் கொஞ்சம் வெளியில அனுப்புங்கோ டொக்டர்.”

“நான் போகமாட்டன்!” என்றாள் பாக்கியம். “இந்த நேரத்தில உங்களை விட்டிட்டு எங்க போறது?”

நெஞ்சில் கிடந்த நங்கூரம் இன்னும் ஒரு பிடி இறங்கியது. மானம் பார்த்துச் சாகிறதென்றால் இதுதான் நேரம். வாயைத் திறந்தால் போதும். டொக்டர் குளிசையை வைப்பார், ஆள் போய்விடும். முகாம் அடியில் செத்தவன் என்று ஊர் முழுக்க அழும். ஒரு கணம் அதையும் யோசித்ததாகப் பிறகு அவரே சொன்னார். அவருக்குச் சாகப் பயமாக இருந்தது. அவ்வளவுதான்.

“நீலக் குளிசை ஒண்டு போட்டனான்” என்றார். “ரெண்டு மணிக்கு. ஆம்பிளையளுக்கான குளிசை.”

டொக்டர் கையிலிருந்த குளிசையைப் போத்தலில் திரும்பப் போட்டு மூடினார். வேறொரு வெள்ளைக் குளிசையை எடுத்துச் சப்பி விழுங்கச் சொன்னார். பாக்கியம் வாயைப் பிளந்தபடி நின்றாள்.

“எவ்வளவு காலமா உங்களுக்கு இந்தக் குறை?”

பாக்கியம் சுதாரித்துக்கொண்டு அதற்கும் முந்தினாள். “காம்பாலை வந்ததுக்குப் பிறகுதான் டொக்டர். அந்த இடத்தில அடிச்சுப்போட்டாங்கள்.”

“அம்மா, அவர் சொல்லட்டும்.” டொக்டர் யோகலிங்கத்தின் பக்கம் குனிந்தார். “அடியால வந்ததெண்டா அது வேற வைத்தியம். பயத்தால, கவலையாலயும் வாறதுதான். ஆனா பயத்தால வாறதெண்டா விடிய எழும்பேக்கை உடம்பு தன்பாட்டில சரியாத்தான் இருக்கும். உங்களுக்கு விடியப்புறத்தில எப்பிடி?”

“அப்பவும் இல்லை.”

“அடிச்சவங்களோ?”

யோகலிங்கம் கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “இல்லை டொக்டர். ஒருத்தனும் அடிக்கேல்லை. எஞ்சின் திருத்த வைச்சிருந்தவங்கள். தேத்தண்ணி தந்தவங்கள். இந்தக் குறை எனக்கு அதுக்கு எட்டு மாதம் முந்தியே வந்திட்டுது.”

 டொக்டர் ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதிக்கொண்டே சொன்னார். “அப்ப உங்கட ரத்தக் குழாயள் அண்டைக்கே சொல்லிப்போட்டுது. அந்த இடத்துக் குழாய் மெல்லிசு. அது முதல்ல அடைபடும். இருதயத்துக் குழாய் கொஞ்சம் பெரிசு, அதுக்கு ரெண்டு மூண்டு வருசம் பிந்தும். எல்லாருக்கும் இப்பிடித்தான் எண்டில்லை. ஆனா உங்கட வயசில, இந்தச் சிகரெட்டோட ஒருத்தனுக்கு இது வந்தா இருதயத்தைச் சோதிச்சே ஆக வேணும். அண்டைக்கே வந்திருந்தா சீனியும் கொழுப்பும் பாத்து, சிகரெட்டை நிப்பாட்டி, குளிசையோட வைச்சிருப்பன்.”

யோகலிங்கம் கண்ணை மூடிக்கொண்டார். சின்னத் துவாரம் முதலில் மெலியும். துவாரத்தில் இல்லை வருத்தம், உள்ளுக்குள். ஆயிரம் தரம் ஊருக்குச் சொன்ன வாய்! கொஞ்சம் முந்திக் குலசிங்கத்தையும் அதுக்குத்தான் ஏசினார். அவனுக்காவது ஒரு கிழமைதான்; அவருக்கு இரண்டு வருசம்.

மாரடைப்புத்தான். ஆஸ்பத்திரியில் ரத்தத்துச் சீனி முந்நூறுக்கு மேல் காட்டியது. மூன்று நாள் பாக்கியம் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தாள். கஞ்சி பருக்கினாள், முகம் துடைத்தாள், ஒரு சொல் பேசவில்லை. ஏசியிருந்தால் அவருக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். நாலாம் நாள் பின்னேரம், கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு வந்து இருந்தாள்.

“தேத்தண்ணி மட்டும்தானோ?”

“பிஸ்கட்டும்.”

“எத்தினை?”

“ரெண்டு.”

“ஆர் தந்தது?”

 அவர் தன் புருவத்தைத் தொட்டுக் காட்டினார்.

பாக்கியம் தன்னுடைய உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தாள். வெள்ளிக்கிழமை நடைகளில் வெடித்த பித்தவெடிப்பு இன்னும் இருந்தது. “உங்களுக்கு ஏலாமப் போனதெண்டு சொல்லியிருந்தா நான் என்ன விட்டிட்டா ஓடியிருப்பன்? வருத்தமெண்டு கூட்டிக்கொண்டு வந்திருப்பன். அது போகட்டும். அவன் செத்ததுக்கு நான் பொங்கினனான். ஒரு தாய் பெத்த பிள்ளை. அந்தப் பொங்கலை நீங்களும் இருந்து திண்டனீங்கள்.”

யோகலிங்கம் விம்மி அழுதார். நெஞ்சு நோவுக்கு அழாத மனுசன். தாதி ஓடி வந்து, நோயாளியை அழ வைக்கக்கூடாது என்று பாக்கியத்துக்கு ஏசிவிட்டுப் போனாள்.

கொழும்புக்கு அனுப்பி அடைப்பை எடுத்தார்கள். ஒவ்வொரு சாவடியிலும் இறங்கி ஏறிப் போய்ச் சேர்ந்ததே பெரும்பாடு. கார்த்திகையில் வீட்டுக்கு வந்தார். சிகரெட் இல்லை, சீனி இல்லை, எஞ்சின் தூக்கக்கூடாது. வந்த முதல் வெள்ளிக்கிழமை பாக்கியம் ஒரு தேங்காயோடு கோயிலுக்கு வெளிக்கிட்டாள். “எனக்கோ?” என்று கேட்டார். “உங்களுக்கில்லை” என்றாள். காலில் செருப்புப் போடவில்லை.

சுகம் கேட்க ஊர் வந்தது. கடைசியாகக் குலசிங்கம் வந்தான். வாசலில் இருந்து, “அந்த நாசமாப் போன காம்பு அடியாலதானே யோகண்ணை?” என்றான்.

குசினியில் பாத்திரச் சத்தம் நின்றது. யோகலிங்கத்துக்கு அது கேட்டது. ஒரு தலையாட்டல் போதும். பழைய கௌரவம் அப்படியே திரும்பக் கிடைத்துவிடும். நேவியின் எஞ்சினைத் திருத்தினவன் என்ற பயமும் இன்னும் விட்டுப்போகவில்லை.

“ஒருத்தனும் அடிக்கேல்லையடா” என்றார். “செத்துப்போனானே அந்தத் தழும்புக்காரன், அவன் தேத்தண்ணியும் பிஸ்கட்டும் தந்து மரியாதையா வைச்சிருந்தவன். எனக்கு வந்த வருத்தம் வேற. ரெண்டு வருசமாப் பெண்சாதியோட சேர ஏலாம இருந்தனான். அது நெஞ்சு வருத்தம் வரப்போகுது எண்டு காட்டுறதாம். வெக்கத்தில மறைச்சனான். கம்பியால குத்திப்போட்டு ஓடினனான்.”

குலசிங்கம் சிரிப்பான் என்று எதிர்பார்த்தார். அவன் சிரிக்கவில்லை. பாக்கியம் இரண்டு பேருக்கும் சீனி போடாத தேத்தண்ணி கொண்டு வந்து வைத்தாள். யோகலிங்கத்தின் கோப்பைக்குப் பக்கத்தில் இரண்டு பிஸ்கட்டும் வைத்துவிட்டு உள்ளே போனாள். அவள் போகும்வரை குலசிங்கம் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். தேத்தண்ணி ஆறியது. பிறகு எழும்பி, சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்று, சும்மா மணி கேட்கிறவன்போல் கேட்டான்.

“அண்ணை, அந்த டொக்டர் பின்னேரம் எத்தினை மணிக்கு வாறவர்?”